லான் சேனி

லான் சேனி (ஏப்ரல் 1, 1883 - ஆகஸ்ட் 26, 1930) ஓர் அமெரிக்கத் திரைப்பட நடிகர் ஆவார். ஊமைப்படக் காலத்தின் தலைசிறந்த குணச்சித்திர நடிகர்களுள் ஒருவராகக் கருதப்படும் இவர், படத்துக்குப் படம் தம் முகத்தையும் உடலையும் அடையாளம் தெரியாதவாறு மாற்றிக்கொண்டு நடித்தமையால் "ஆயிரம் முகம் கொண்ட மனிதர்" என்று அழைக்கப்பட்டார். காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்து, சைகையாலும் முகபாவத்தாலும் பேசிப் பழகிய இவருக்கு, ஒலியில்லாத திரைப்படம் இயல்பான களமாக அமைந்தது. ஏறத்தாழ 18 ஆண்டுகளில் 150க்கும் மேற்பட்ட படங்களில் நடித்துள்ளார். அவற்றுள் பெரும்பாலானவை இன்று அழிந்துவிட்டன. த ஹன்ச்பேக் ஆஃப் நோட்ர டேம் (1923), த ஃபேன்டம் ஆஃப் த ஆப்பரா (1925), த அன்நோன் (1927) ஆகியவை இவருடைய குறிப்பிடத்தக்க படங்களாகும்.

இளமைக்காலம்

லான் சேனியின் இயற்பெயர் லியோனிடாஸ் ஃபிராங்க் சேனி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பிறந்தார். தந்தை ஃபிராங்க் சேனி முடிதிருத்தும் தொழில் செய்தவர். தாய் எம்மா. இருவருமே காதுகேளாதவர்கள். தாயின் குடும்பத்தில் காதுகேளாத பிள்ளைகள் இருந்தமையால், தாய்வழிப் பாட்டனார் 1874 இல் அந்நகரில் காதுகேளாதோருக்கான பள்ளி ஒன்றை நிறுவினார். அப்பள்ளி பின்னர் மாநில அரசின் கல்வி நிறுவனமாக வளர்ந்தது.

சேனிக்குக் காது நன்றாகக் கேட்கும். ஆனால் வீட்டில் பேச்சுக்கு வேலையில்லை. பெற்றோரிடம் எதைச் சொல்வதானாலும் கைகளாலும் கண்களாலும் சொல்ல வேண்டும். தாய் கடுமையான முடக்குவாதத்தால் படுக்கையில் விழுந்தபோது, சிறுவனாக இருந்த சேனி பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு அவரைக் கவனித்துக்கொண்டார். வெளியே செல்ல இயலாத தாய்க்கு, ஊரில் அன்று கண்டவற்றையும் கண்ட மனிதர்களையும் நாள்தோறும் நடித்துக் காட்டுவது இவருடைய வழக்கமாயிற்று. இவருடைய நடிப்பை ஆராய்ந்தவர்கள் பலரும் அதன் தொடக்கமாக இந்தப் படுக்கையறையையே குறிப்பிடுகின்றனர். பார்வையாளர் ஒருவர் மட்டுமே இருந்தார். அவருக்கும் ஒரு சொல்கூடக் கேட்காது என்பதை எண்ணிப் பார்த்தால் இக்கருத்து மிகையானதன்று.

பின்னர் சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டியாகவும், வீடுகளில் தரைவிரிப்பும் சுவர்த்தாளும் ஒட்டுபவராகவும் வேலை பார்த்தார். உள்ளூர் நாடக அரங்கில் மேடைப் பணியாளராகச் சேர்ந்தவர், 1902 அளவில் மேடையேறி நடிக்கத் தொடங்கினார். இசையும் நகைச்சுவையும் கலந்த நாடகங்களை ஊர் ஊராகச் சென்று நடத்தும் குழுக்களில் நடிகராகவும் நடன அமைப்பாளராகவும் மேடை மேலாளராகவும் இருந்தார். பின்னாளில் அச்சமூட்டும் பாத்திரங்களுக்குப் பெயர்பெற்ற இவர், நகைச்சுவை நடிகராகவும் நடனக் கலைஞராகவுமே தொழிலைத் தொடங்கினார் என்பது குறிப்பிடத்தக்கது.

திருமணமும் மணமுறிவும்

1905 இல் கிளீவா கிரைட்டன் என்னும் பாடகியை மணந்தார். இவர்களுடைய ஒரே மகன் கிரைட்டன் சேனி 1906 பெப்ரவரியில் ஓக்லகோமா நகரில் பிறந்தார். நாடகக் குழுக்களோடு அலைந்த வாழ்வில் பணமும் இல்லை, அமைதியும் இல்லை. 1910 அளவில் குடும்பம் கலிஃபோர்னியாவில் குடியேறியது. கிளீவா அங்கே பாடகியாகப் புகழ்பெறத் தொடங்கினார்; கணவன் மனைவிக்கிடையே பிணக்கும் வளர்ந்தது.

1913 ஏப்ரல் 30 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் மெஜஸ்டிக் அரங்கில் சேனி மேடை மேலாளராகப் பணியில் இருந்தபோது அங்கு வந்த கிளீவா, பாதரச குளோரைடு என்னும் நஞ்சை அருந்தித் தற்கொலைக்கு முயன்றார். உயிர் பிழைத்தார், ஆனால் நஞ்சு தொண்டையைச் சிதைத்துவிட்டது. அவருடைய பாடகி வாழ்வு அத்துடன் முடிந்தது. இச்செய்தி நாளிதழ்களில் பரவியதால் சேனிக்கு நாடக உலகின் கதவுகளும் அடைபட்டன. மணமுறிவு ஏற்பட்டது. சிறுவன் கிரைட்டன் சில ஆண்டுகள் விடுதிகளிலும் பிறர் வீடுகளிலும் வளர்ந்தான்.

அக்காலத்தில் நாடக நடிகர்கள் திரைப்படத்தை மதிப்புக் குறைந்த தொழிலாகவே எண்ணினர். வேறு வழியின்றியே சேனி திரைப்படத்துக்கு வந்தார் எனலாம். 1915 இல், முன்பு நாடகக் குழுவில் உடன் பணியாற்றிய ஹேசல் ஹேஸ்டிங்ஸ் என்பவரை மணந்து மகனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். இத்திருமணம் இறுதிவரை நிலைத்தது. தாய் இறந்துவிட்டதாகவே கிரைட்டனிடம் சொல்லப்பட்டிருந்தது என்றும், தந்தையின் மறைவுக்குப் பின்னரே அவர் உண்மையை அறிந்தார் என்றும் வாழ்க்கை வரலாற்று நூல்கள் பலவற்றில் காணப்படுகிறது. மனிதரின் உள்ளத்து நோவைத் திரையில் அத்துணை நுட்பமாகக் காட்டிய கலைஞரின் வீட்டில் இப்படி ஒரு மறைப்பு இருந்தது.

யூனிவர்சல் நிறுவனத்தில்

யூனிவர்சல் நிறுவனத்தில் சேனி துணை நடிகராகச் சேர்ந்தார். நாட்கூலி 5 டாலர். காலையில் படப்பிடிப்புத் தளத்தின் வாயிலில் துணை நடிகர்கள் கூடி நிற்பர். உதவி இயக்குநர்கள் வந்து தமக்கு வேண்டிய முகங்களைப் பொறுக்கிச் செல்வர். சேனி தம்முடைய ஒப்பனைப் பெட்டியைக் கையோடு கொண்டு சென்றார். முதியவர், மாலுமி, கொள்ளையன் என எத்தகைய முகம் தேவைப்பட்டாலும் அங்கேயே அம்முகமாக மாறிக்கொள்ள இப்பெட்டி உதவியது. ஒப்பனைக் கலைஞர் என்று தனியாக ஒருவர் தளங்களில் இல்லாத காலம் அது. நடிகர்கள் தாமே ஒப்பனை செய்துகொள்வர்.

ஜோசப் டி கிராஸ், ஐடா மே பார்க் ஆகிய இயக்குநர் இணையர் இவருக்குத் தொடர்ந்து நல்ல பாத்திரங்களை அளித்தனர். 1915 இல் சில குறும்படங்களைச் சேனியே இயக்கினார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் நூறு படங்களுக்கு மேல் நடித்தும் ஊதியம் பெரிதாக உயரவில்லை. ஊதிய உயர்வு கேட்டபோது நிறுவன மேலாளர் மறுத்து, வாரம் 100 டாலருக்கு மேல் பெறும் தகுதி இவருக்கு ஒருபோதும் வராது என்று கூறியதாகச் சொல்லப்படுகிறது. சேனி விலகினார். பின்னர் பல மாதங்கள் வாய்ப்பின்றித் துன்புற்றார். 1918 இல் வெளியான ரிடில் காவ்ன் படத்தில், அக்காலத்தின் புகழ்பெற்ற கௌபாய் நடிகர் வில்லியம் எஸ். ஹார்ட்டுக்கு எதிரியாக நடித்த பின்னரே நிலைமை மாறத் தொடங்கியது.

புகழ்

1919 இல் வெளியான த மிராக்கிள் மேன் திரைப்படம் சேனியை ஒரே நாளில் உயர்த்தியது எனலாம். கண்பார்வையற்ற முதியவர் ஒருவரின் நோய் தீர்க்கும் ஆற்றலைக் காட்டிப் பணம் பறிக்க முயலும் ஏமாற்றுக் கும்பலின் கதை இது. கும்பலில் 'தவளை' என்னும் பட்டப்பெயர் கொண்டவனாகச் சேனி நடித்தார். உடல் முறுக்கிக் கிடக்கும் முடவனைப் போல் நடித்து, முதியவரின் முன்னிலையில் ஊரார் காண மெல்ல மெல்ல நிமிர்ந்து 'குணமடைவது' அவன் வேலை. அவனைக் கண்டு, உண்மையாகவே கால் முடமான சிறுவன் ஒருவன் ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடக்கிறான். இதில் சேனி நடிப்பவனும் ஒரு நடிகனே என்பது கவனிக்கத்தக்கது. படம் பெருவெற்றி பெற்றது. இன்று இப்படத்தின் சில நிமிடங்கள் மட்டுமே எஞ்சியுள்ளன. அந்தத் தவளை நிமிரும் காட்சி அவற்றுள் அடங்குவது ஒரு நற்பேறு.

அடுத்த ஆண்டு வெளியான த பெனால்ட்டி (1920) படத்தில் இரு கால்களையும் இழந்த குற்றக் கும்பல் தலைவனாக நடித்தார். சிறுவயதில் மருத்துவர் ஒருவர் தவறுதலாகக் கால்களை வெட்டிவிட, பழிவாங்கும் வெறியோடு வளர்ந்தவன் அவன். இதற்காகச் சேனி தம் கால்களை முழங்காலோடு பின்புறமாக மடித்துத் தோல்வார்களால் கட்டிக்கொண்டு, முழங்கால்களைத் தோலாலான உறைகளுக்குள் வைத்து நடந்தார். குருதி ஓட்டம் தடைபடுவதால் சிறிது நேரத்துக்கு மேல் இந்நிலையில் இருக்க முடியாது. இடையிடையே கட்டுகளை அவிழ்த்துக் கால்களை நீவிவிட வேண்டியிருந்தது. வலியைவிட வியக்கத்தக்கது, அந்நிலையிலேயே அவர் ஏணி ஏறுவதும் நாற்காலியிலிருந்து குதிப்பதும் ஆகும். பார்ப்பவருக்கு இரக்கம் தோன்றுவதற்கு முன் அச்சம் தோன்றுகிறது.

1922 இல் வெளியான ஆலிவர் ட்விஸ்ட் படத்தில் சிறுவர்களைத் திருடப் பழக்கும் ஃபேகினாக நடித்தார். 1923 இல் விக்டர் ஹியூகோவின் புதினத்தைத் தழுவிய த ஹன்ச்பேக் ஆஃப் நோட்ர டேம் வெளியானது. சேனி பல ஆண்டுகளாக நடிக்க விரும்பியிருந்த கதை இது. முன்பு இவரை உயர்த்த மறுத்த அதே யூனிவர்சல் நிறுவனம், பாரிஸ் நோட்ர டேம் தேவாலயத்தின் முகப்பைத் தன் வளாகத்தில் பெரும் பொருட்செலவில் கட்டியது. கூனன் குவாசிமோடோவாக நடித்த சேனிக்கு முதுகில் கூன், ஒரு கண்ணை மறைக்கும் புடைப்பு, கோணல் பற்கள், உடலெங்கும் மயிர் என ஒப்பனை மணிக்கணக்கில் நீண்டது. கூனின் எடை 70 பவுண்டு என்று அக்காலத்தில் விளம்பரம் செய்யப்பட்டது. ஆயினும் அது வெகு குறைவானதே என்பது பிற்கால ஆய்வாளர்களின் கருத்து. எழுபது பவுண்டு சுமந்துகொண்டு தேவாலய முகப்பில் அப்படித் தாவ முடியாது என்பதைப் படத்தைப் பார்த்தாலே உணரலாம்.

த ஃபேன்டம் ஆஃப் த ஆப்பரா

1925 இல் வெளியான இப்படமே சேனியின் பெயரை இன்றளவும் நிலைநிறுத்தியுள்ளது. பாரிஸ் இசைநாடக அரங்கின் நிலவறைகளில் மறைந்து வாழும் எரிக் என்னும் முகம் சிதைந்த இசைக்கலைஞன், பாடகி கிறிஸ்டீனைக் காதலிக்கிறான். முகமூடியின்றி அவனைப் பார்க்கலாகாது என்பது நிபந்தனை. அவன் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கும்போது அவள் பின்னாலிருந்து முகமூடியைப் பறிக்கிறாள். அம்முகத்தை முதலில் காண்பவர் படம் பார்ப்போரே. கிறிஸ்டீன் அதன் பின்னரே காண்கிறாள். திரையரங்குகளில் பலர் அலறியதாகக் கூறப்படும் காட்சி இது. படம் வெளியாகும் வரை அம்முகத்தின் ஒளிப்படம் எதையும் நிறுவனம் வெளியிடவில்லை.

மண்டையோடு போன்ற அம்முகத்தை அமைத்த முறை பற்றிப் பல கதைகள் உள்ளன. மூக்கை மேல்நோக்கி இழுத்து ஒட்டி, நாசித் துவாரங்களின் உட்புறம் கருமை தீட்டி, கன்ன எலும்புகளைப் புடைக்கச் செய்து, கண்களைச் சுற்றி நிழல் தீட்டினார் என்பது பொதுவாக ஏற்கப்படுகிறது. மூக்கினுள் கம்பி வைத்ததால் குருதி வழிந்தது என்று ஒளிப்பதிவாளர் ஒருவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அக்காலப் படச்சுருளின் தன்மையும் இங்கு நினைவுகொள்ளத்தக்கது. அது நீல ஒளியை நன்கு உணரும்; சிவப்பை உணராது. சிவப்பு நிறம் திரையில் கருமையாகவே தெரியும். எந்த வண்ணம் எந்தச் சாம்பல் நிறமாக மாறும் என்பதைக் கணக்கிட்டே முகத்தில் பூச வேண்டும். கண்ணாடியில் தெரிந்த முகம் ஒன்று. திரையில் தோன்றப் போகும் முகம் வேறொன்று.

இப்படத்துக்காக எஃகுச் சட்டங்களால் கட்டப்பட்ட இசைநாடக அரங்கின் உட்பகுதி, யூனிவர்சல் நிறுவனத்தின் 28 ஆம் எண் தளத்தில் 2014 வரை நின்றது. அவ்வாண்டு தளம் இடிக்கப்பட்டபோது அரங்க அமைப்பு மட்டும் பிரித்தெடுத்துப் பாதுகாக்கப்பட்டது.

எம்.ஜி.எம். காலமும் டாட் பிரவுனிங்கும்

1924 இல் புதிதாக உருவான மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் நிறுவனம் தயாரித்த முதல் படமான ஹி ஹூ கெட்ஸ் ஸ்லாப்டு படத்தில் சேனியே நாயகன். இயக்கியவர் சுவீடன் நாட்டைச் சேர்ந்த விக்டர் ஷோஸ்ட்ரோம். தம் ஆய்வையும் மனைவியையும் ஒரே செல்வந்தனிடம் பறிகொடுத்து, அவையினர் நடுவே அறையும் வாங்கிய அறிவியலாளர் ஒருவர், சர்க்கஸில் கோமாளியாகி இரவுதோறும் அறை வாங்குவதையே தொழிலாக்கிக்கொள்கிறார். கூட்டம் சிரிக்கிறது. ஒப்பனையை விலக்கிவிட்டுச் சேனியின் நடிப்பை மட்டும் மதிப்பிட விரும்புவோர் முதலில் காண வேண்டிய படம் இதுவே.

இந்நிறுவனத்தில் இயக்குநர் டாட் பிரவுனிங்குடன் இணைந்து சேனி நடித்த படங்கள் தனித்தன்மை வாய்ந்தவை. த அன்ஹோலி த்ரீ (1925) படத்தில், மூதாட்டி வேடமிட்டுக் கிளிக்கடை நடத்தும் வயிற்றுக்குரல் வித்தைக்காரராக நடித்தார். ஊமைப்படத்தில் வயிற்றுக்குரல் வித்தையைக் காட்டியது ஒரு துணிச்சலே. கிளிகள் பேசுவதைச் சித்திரக்கதைகளில் உள்ளதுபோல் எழுத்துக் குமிழிகளால் காட்டினர்.

இவ்வரிசையில் மிகச் சிறந்தது த அன்நோன் (1927). சர்க்கஸில் கால்களால் கத்தி வீசும் கையில்லாத அலோன்சோவாகச் சேனி நடித்தார். உண்மையில் அலோன்சோவுக்குக் கைகள் உண்டு. குற்றத்தை மறைக்க அவற்றை உடலோடு கட்டி மறைத்து வைத்திருக்கிறான். ஆண்களின் கைகள் தன்னைத் தொடுவதையே வெறுக்கும் நானோன் என்னும் பெண்ணுக்காக, அறுவை செய்து கைகளை உண்மையாகவே அகற்றிக்கொள்கிறான். திரும்பி வரும்போது அவளுடைய வெறுப்பு தீர்ந்து, வேறொருவனின் கைகளுக்குள் இருக்கிறாள். அச்செய்தியைக் கேட்கும் அலோன்சோ முதலில் சிரிக்கிறான். அச்சிரிப்பு அழுகையாகவும் வெறியாகவும் மாறுவதைக் கேமரா நகராமல் காட்டுகிறது. நானோனாக நடித்த ஜோன் கிராஃபோர்ட், நடிப்பு என்றால் என்ன என்பதைச் சேனியை அருகிருந்து பார்த்தே கற்றதாகப் பிற்காலத்தில் கூறியுள்ளார். கால்களால் செய்யும் நுட்பமான வேலைகள் சிலவற்றைப் பால் டெஸ்மியூக் என்னும் உண்மையாகவே கைகளற்ற கலைஞர் செய்து கொடுத்தார். எல்லாவற்றையும் சேனியே செய்தார் என்று எழுதுவது அக்கலைஞருக்குச் செய்யும் அநீதியாகும்.

ஒப்பனையே இல்லாமலும் இவர் வெற்றி பெற்றுள்ளார். டெல் இட் டு த மரீன்ஸ் (1926) படத்தில் கண்டிப்பும் கனிவும் நிறைந்த கடற்படைப் பிரிவு சார்ஜன்டாகத் தம் சொந்த முகத்தோடு நடித்தார். இவருடைய படங்களுள் மிகுந்த வசூல் பெற்றவற்றுள் ஒன்று இது. இதன் பயனாக அமெரிக்க மரீன் படையின் கௌரவ உறுப்பினராகவும் ஆக்கப்பட்டார். ஆகவே, சேனியை 'திகில்பட நடிகர்' என்று மட்டும் குறிப்பிடுவது சரியன்று. இவர் நடித்தவற்றுள் அவ்வகையில் அடங்கும் படங்கள் மிகச் சிலவே. சமூகத்தின் அடித்தட்டில் கிடப்பவரிடமும் பெருந்தியாகம் செய்யும் உள்ளம் இருக்கக்கூடும் என்பதைக் காட்டுவதே தம் நோக்கம் என்று சேனியே தம் வாழ்க்கை பற்றிய கட்டுரையில் எழுதியுள்ளார்.

ஒப்பனைக் கலை

பிணங்களின் முகத்தைச் சரிசெய்யப் பயன்படும் மெழுகு, தழும்பு உண்டாக்கும் கொலோடியன் என்னும் கரைசல், பஞ்சு, பசை, பொய்ப்பற்கள் ஆகியவையே இவருடைய கருவிகள். த ரோடு டு மாண்டலே (1926) படத்தில் ஒரு கண் பார்வையற்றவராகத் தோன்ற, கண்ணின் மேல் வெண்ணிற மெல்லிய வில்லையைப் பொருத்திக்கொண்டார். 1929 இல் வெளியான பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் 14 ஆம் பதிப்பில் திரைப்பட ஒப்பனை பற்றிய கட்டுரையை எழுதியவர் சேனியே. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டதாகச் சொல்லப்படும் ஒருவர் கலைக்களஞ்சியத்துக்குக் கட்டுரை எழுதினார் என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி. இவருடைய ஒப்பனைப் பெட்டி லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

வேடத்தின் புகழ் எந்த அளவுக்குப் பரவியதென்றால், தரையில் பூச்சியைக் கண்டால் "மிதிக்காதே, லான் சேனியாக இருக்கலாம்" என்று சொல்லும் நகைச்சுவை அமெரிக்காவெங்கும் வழங்கியது.

இவருடைய வேடங்களுள் இன்று ஏற்க முடியாதவையும் உள்ளன. ஷேடோஸ் (1922), மிஸ்டர் வூ (1927) முதலிய படங்களில் சீனராக நடித்தார். உழைப்பும் கவனமும் மிக்க வேடங்களே எனினும், வெள்ளை நடிகர்கள் ஆசியராக நடித்த வழக்கம் உண்மையான ஆசியக் கலைஞர்களின் வாய்ப்பைப் பறித்தது. மிஸ்டர் வூ படத்திலேயே சீன அமெரிக்க நடிகையான அன்னா மே வோங் சிறிய பாத்திரத்தில் நடித்திருக்க, முதன்மைச் சீனப் பெண்ணாக வெள்ளை நடிகை ரெனே அடோரே நடித்துள்ளார்.

தனிவாழ்க்கை

சேனி விளம்பரத்தை விரும்பாதவர். நேர்காணல்களையும் விருந்துகளையும் தவிர்த்தார். படங்களுக்கிடையே லான் சேனி என்று ஒருவர் இல்லை என்பது அவர் அடிக்கடி சொன்ன கருத்து. ஓய்வு கிடைத்தால் சியேரா நெவாடா மலைப்பகுதிக்கு மீன்பிடிக்கச் சென்றுவிடுவார். அங்கு இவருக்காகக் கட்டப்பட்ட கல்வீட்டை வடிவமைத்தவர் ஆப்பிரிக்க அமெரிக்கக் கட்டடக் கலைஞரான பால் ஆர். வில்லியம்ஸ். அது இன்றும் உள்ளது.

படப்பிடிப்புத் தளத் தொழிலாளர்களோடும் புதிய நடிகர்களோடும் நெருங்கிப் பழகினார். வாய்ப்பின்றி நடந்து சென்ற போரிஸ் கார்லோஃப் என்னும் துணை நடிகரை ஒருநாள் தம் காரில் ஏற்றிக்கொண்டு, பிறரால் செய்ய முடியாததையோ செய்ய விரும்பாததையோ தேர்ந்து செய்யுமாறு அறிவுரை கூறினார். 1931 இல் ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் அரக்கனாக நடித்துப் புகழ்பெற்ற கார்லோஃப், இதனைப் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார்.

பேசும் படமும் மறைவும்

1927 க்குப் பின் ஹாலிவுட் விரைவாகப் பேசும் படங்களுக்கு மாறியது. சேனி தயங்கினார். சார்லி சாப்ளினைப் போல் எளிதில் ஒலியை ஏற்காதிருந்த நடிகர்களுள் இவரும் ஒருவர். ஆயிரம் முகங்கள் இருக்கலாம். குரல் ஒன்றே என்றால் வேடம் கலைந்துவிடுமே என்பது இவருடைய கவலை. 1929 இல் தண்டர் என்னும் புகைவண்டிக் கதையை விஸ்கான்சின் மாநிலத்தின் கடுங்குளிரில் படமாக்கியபோது நிமோனியா காய்ச்சலால் பாதிக்கப்பட்டார். உடல்நிலை தேறவில்லை. நுரையீரலில் புற்றுநோய் இருப்பது பின்னர் கண்டறியப்பட்டது. செயற்கைப் பனியாகத் தூவப்பட்ட பொருள் தொண்டையில் சிக்கியதே நோய்க்குக் காரணம் என்று பரவலாக எழுதப்படுவதற்குச் சான்று இல்லை. சேனி அதிகமாகப் புகைபிடிப்பவர்.

த அன்ஹோலி த்ரீ படத்தையே மீண்டும் பேசும் படமாக எடுக்க 1930 இல் இசைந்தார். ஜாக் கான்வே இயக்கினார். வயிற்றுக்குரல் வித்தைக்காரர், மூதாட்டி, பொம்மை, கிளி, ஓர் இளம்பெண் என ஐந்து குரல்களில் பேசினார். ஐந்தும் தம்முடையவையே என்று உறுதிமொழிப் பத்திரத்தில் கையொப்பமிட்டு வழங்கியதை நிறுவனம் விளம்பரமாகப் பயன்படுத்தியது. ஜூலையில் வெளியான படம் வெற்றி பெற்றது. குரலிலும் பல முகங்கள் உண்டு என்று காட்டிய சில வாரங்களில், 1930 ஆகஸ்ட் 26 அன்று, தொண்டையில் ஏற்பட்ட குருதிப்பெருக்கால் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். அப்போது வயது 47. கடைசி நாட்களில் நோயால் பேசும் ஆற்றலை இழந்திருந்தார். சிறுவயதில் பெற்றோரிடம் பேசிய சைகை மொழியிலேயே உடனிருந்தோரிடம் பேசினார் என்று கூறப்படுகிறது.

மரீன் படையினர் இறுதி மரியாதை செலுத்தினர். கலிஃபோர்னியாவின் கிளெண்டேல் நகரில் உள்ள ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்தில் தந்தைக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். அக்கல்லறையில் பெயர் பொறிக்கப்படவில்லை.

மகன் கிரைட்டன் நடிகராவதைச் சேனி விரும்பவில்லை. தந்தையின் மறைவுக்குப் பின் திரையுலகில் நுழைந்த கிரைட்டன், படநிறுவனங்களின் வற்புறுத்தலால் 1935 அளவில் லான் சேனி ஜூனியர் என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1941 இல் வெளியான த உல்ஃப் மேன் இவருக்குப் புகழ் தந்தது. லான் சேனியின் வாழ்வைத் தழுவி 1957 இல் மேன் ஆஃப் எ தவுசண்ட் ஃபேசஸ் என்னும் படம் வெளியானது. ஜேம்ஸ் காக்னி சேனியாக நடித்தார். பல இடங்களில் கற்பனை கலந்த அப்படத்தை வரலாறாகக் கொள்ள இயலாது. அமெரிக்க அஞ்சல் துறை 1994 இலும் 1997 இலும் சேனியின் உருவம் தாங்கிய அஞ்சல்தலைகளை வெளியிட்டது.

அழிந்த படங்களும் எஞ்சியவையும்

ஊமைப்படங்கள் பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருள்களில் எடுக்கப்பட்டவை. ஒலி வந்தபின் அவற்றுக்கு வணிக மதிப்பு இல்லாமல் போனதால் நிறுவனங்கள் பாதுகாப்பில் அக்கறை காட்டவில்லை. தேடப்படும் படங்களுள் முதன்மையானது பிரவுனிங் இயக்கிய லண்டன் ஆஃப்டர் மிட்நைட் (1927). கூரிய பற்களும் உயர்ந்த தொப்பியும் கொண்ட சேனியின் தோற்றம் ஒளிப்படங்களால் உலகெங்கும் அறியப்பட்டது. படத்தைப் பார்த்தவர்கள் இன்று அரிது. அறியப்பட்ட கடைசிப் படி 1965 இல் எம்.ஜி.எம். கிடங்கில் ஏற்பட்ட தீயில் அழிந்தது. 2002 இல் ஒளிப்படங்களை வரிசைப்படுத்தி ஒரு மறுவாக்கம் செய்யப்பட்டது. த ஹன்ச்பேக் ஆஃப் நோட்ர டேம் 16 மி.மீ. சிறுபடிகளிலிருந்தே இன்று காணக்கிடைக்கிறது.

த அன்நோன் தப்பித்த கதை வேறுவகையானது. பாரிஸில் உள்ள பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தில் அதன் படி பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமல் கிடந்தது. பெயர் தெரியாத சுருள்கள் எல்லாவற்றின் மேலும் 'தெரியாதது' என்றே எழுதி வைப்பது அங்கு வழக்கம். இப்படத்தின் பெயரும் அதுவே. 1968 அளவில்தான் அது அடையாளம் காணப்பட்டது. அப்படியிலும் சில பகுதிகள் விடுபட்டிருந்தன. செக் நாட்டுக் காப்பகத்தில் இருந்த மற்றொரு படியைக்கொண்டு, 2022 இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகம் ஏறத்தாழ பத்து நிமிடக் காட்சிகளை மீட்டுச் சேர்த்தது.

அமெரிக்கச் சட்டப்படி, வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் நிறைந்த படங்கள் காப்புரிமையிலிருந்து விடுபடுகின்றன. அதன்படி சேனியின் கடைசி ஊமைப்படமான தண்டர் உட்பட இவருடைய ஊமைப்படங்கள் அனைத்தும் 2025 ஜனவரி 1 முதல் அந்நாட்டில் பொதுவுரிமைக்கு வந்துவிட்டன. தண்டர் படத்தில் சில துணுக்குகள் மட்டுமே கிடைத்துள்ளன.